மக்னீசியத்தில் போட்ட முதல்

ஒரு கிலோ ஹைட்ரஜனை எங்கே வைப்பது? சாதாரணக் காற்றழுத்தத்தில் அது பதினோரு கன மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். சின்னக் குளியலறை ஒன்று தரையிலிருந்து கூரைவரை நிறைந்துவிடும். அதே அளவு பெட்ரோல் ஒரு தண்ணீர் பாட்டிலில் அடங்கும். கார்களில் 700 மடங்கு அழுத்தி, கரியிழை சுற்றிய உருளையில் அடைக்கிறார்கள். ராக்கெட்டுகளில் மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்குகிறார்கள். மூன்றாவதாக ஒரு வழி உண்டு: ஓர் உலோகத்துக்குள் அதைக் குடியேற்றுவது.

அந்த உலோகங்களில் மலிவானதும் லேசானதும் மக்னீசியம். பள்ளிக்கூட ஆய்வகத்தில் கண்கூசும் வெள்ளை ஒளியோடு எரியுமே, அதே நாடா. ஒரு மக்னீசிய அணு இரண்டு ஹைட்ரஜன் அணுக்களைப் பிடித்துக்கொண்டால் கிடைப்பது மக்னீசியம் ஹைட்ரைடு என்ற சாம்பல் நிறத் தூள். நூறு கிராம் தூளில் 7.6 கிராம் ஹைட்ரஜன். எடையில் கொஞ்சம்தான், ஆனால் இடத்தில் கணக்குப் பார்த்தால், ஒரு கன மீட்டர் ஹைட்ரைடில் 110 கிலோ ஹைட்ரஜன் இருக்கிறது. ஒரு கன மீட்டர் திரவ ஹைட்ரஜனில் இருப்பதோ 71 கிலோ. திரவத்தில் இருப்பதைவிட அந்தத் தூளுக்குள் அது நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது. சிக்கல் வேறிடத்தில். போட்டதைத் திரும்ப எடுக்க, சுமார் 300 டிகிரி சூடு கொடுக்க வேண்டும்.

நான் இதை யாங்கோனிலிருந்து எழுதுகிறேன். இங்கே மின்சாரம் முறை வைத்து வருகிறது. மின்சாரத்தை எதில் பிடித்து வைப்பது என்பது எங்கள் தெருவில் தேநீர்க்கடைப் பேச்சு. இன்வெர்ட்டரா, சீன லித்தியம் பேட்டரியா, மொட்டைமாடியில் இரண்டு சோலார் தகடா என்று எல்லோரிடமும் ஒரு கருத்து இருக்கிறது. பல ஆண்டுகள் வேதியியல் டியூஷன் எடுத்துப் பிழைத்தவன் என்பதால் என்னிடம் வந்தும் கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்காகப் படிக்க ஆரம்பித்ததுதான் இது. படிக்கப் படிக்க, இந்தச் சாம்பல் தூளின் கதையில் காரைக்குடி வந்தது. காரைக்குடி வந்தால் ரங்கூன் வராமல் இருக்குமா?

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கைப் பாடப்புத்தகத்தில் படித்த வாசகர்களுக்கு இது ஐதரசன், மகனீசியம். தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் வெளிமம் என்றும் எழுதிப் பார்த்தார்கள். நான் எங்கள் ஊர்ப் பேச்சு வழக்கின்படியே எழுதிப் போகிறேன்.

உலோகம் ஹைட்ரஜனை உள்வாங்கும் என்பது பழைய செய்தி. 1860களிலேயே லண்டனில் தாமஸ் கிரஹாம், பல்லேடியம் தன் பருமனைப்போல் பல நூறு மடங்கு ஹைட்ரஜனைக் குடித்துவிடுவதைக் கண்டார். பல்லேடியம் நகைக்கடைச் சரக்கு. அதை வைத்து எரிபொருள் சேமிக்க முடியாது. மக்னீசியம் ஹைட்ரைடு கைக்கு வந்தது 1912இல். பிரான்சில் ஜொலிபுவா என்பவர் அதைச் சுற்றுவழியில் தயாரித்தார். மக்னீசியம் அடங்கிய ஒரு கரிமச் சேர்மத்தைச் சூடாக்கிச் சிதைத்தபோது இது மிஞ்சியது. அந்த வகைச் சேர்மங்களைக் கண்டுபிடித்த கிரிக்னார்டுக்கு அதே ஆண்டுதான் நோபல் பரிசு கிடைத்தது.

நேர்வழியில், அதாவது உலோகத்தையும் வாயுவையும் ஒன்றாக வைத்து இதைத் தயாரிக்க இன்னும் நாற்பது ஆண்டு ஆயிற்று. 1951இல் ஜெர்மனியில் ஈகோன் வீபர்க் குழுவினர் 570 டிகிரிச் சூட்டில், 200 மடங்கு காற்றழுத்தத்தில், கொஞ்சம் மக்னீசியம் அயோடைடைத் துணைக்குப் போட்டு அதைச் சாதித்தார்கள். இரண்டும் சேர விரும்புகிற பொருள்கள்தாம். சேரும்போது வெப்பம் வெளியே வருகிறது. பிறகு ஏன் இத்தனை மிரட்டல் தேவைப்பட்டது?

இதை மாணவர்களுக்குச் சொல்லும்போது நான் கதவைக் காட்டிச் சொல்வேன். மக்னீசியத்தின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஆக்சைடு தோல் இருக்கும். அது பூட்டிய கதவு. அதை உடைத்தாலும், வாசலில் நிற்கும் ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டு அணுக்களாகப் பிரிந்தால்தான் உள்ளே நுழைய முடியும். பிரித்துவிடும் வேலையில் மக்னீசியம் மகா சோம்பேறி. நிக்கலோ பல்லேடியமோ பக்கத்தில் இருந்தால் அந்த வேலையைச் செய்து கொடுக்கும். இரண்டையும் தாண்டி உள்ளே போன முதல் அணுக்கள் மேற்பரப்பிலேயே ஹைட்ரைடாக மாறி, பால்மேல் ஆடை படிவதுபோல் மூடிக்கொள்கின்றன. அந்த ஆடைக்குள் ஹைட்ரஜன் நகர்வது ஆமை வேகம். நடுவில் இருக்கும் உலோகம் கடைசிவரை பட்டினி. எனவே தயாரிப்புக் கலையின் சாரம் ஒன்றுதான்: துகளைச் சிறிதாக்கு, தோலை உடைத்துக்கொண்டே இரு, பிரித்துவிடும் தரகரை உள்ளே தூவு.

ஆனால் இதற்கெல்லாம் முதலில் மக்னீசியம் வேண்டும். அது மண்ணில் தனியாகக் கிடைப்பதில்லை. சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் வெள்ளை வெளேரென்று தெரிவது சுண்ணாம்பு அல்ல, மக்னசைட். மக்னீசியத்தின் கார்பனேட். அது பெரும்பாலும் இரும்பு உலைகளுக்குச் செங்கல் ஆகப் போனதே தவிர, உலோகமாக ஆனதில்லை. இன்னொரு இடம் கடல். உப்பளத்தில் உப்பை வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் குளோரைடு நிறைய இருக்கிறது. அதை உலர்த்தி, உருக்கி, மின்சாரம் பாய்ச்சினால் ஒரு முனையில் குளோரின், இன்னொரு முனையில் உருகிய மக்னீசியம். எழுதுவதற்கு ஒரு வரி. உலர்த்தும்போதே குளோரைடு தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகப் போகும். மின்சாரம் ஒரு கிலோ உலோகத்துக்குப் பத்து யூனிட்டுக்கு மேல் தின்னும். இந்த வேலையை இந்தியாவில் தலைமேல் போட்டுக்கொண்டது காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்.

அது ஏன் சென்னையில் இல்லாமல் காரைக்குடியில் இருக்கிறது என்பது தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கலன்று, ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். கோட்டையூரில் 1909இல் பிறந்த அழகப்பர் ஆங்கில இலக்கியம் படித்தவர், லண்டனில் வழக்கறிஞர் பட்டம் பெற்றவர், விமானம் ஓட்டத் தெரிந்தவர். கேரளத்தில் நூற்பாலை, மலேயாவில் ரப்பர், பர்மாவில் வெள்ளீயச் சுரங்கம், கல்கத்தாவில் காப்பீடு என்று தொழில் விரிந்திருந்தது. நாற்பத்தெட்டு வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்பு, 1957 ஏப்ரல் 5 அன்று இறந்துபோனார். அதற்குள் கல்லூரிகளுக்கும் இந்த நிலையத்துக்கும் அள்ளிக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பதினைந்து லட்சமும் ரங்கூன் பணம் என்று சொன்னால் அது தவறு. அவருடைய பணம் பல கடல்களைத் தாண்டி வந்தது. ஆனால் ஒரு செட்டிநாட்டுக்காரர் 1948இல் அத்தனை நிலத்தையும் பணத்தையும் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தூக்கிக் கொடுக்க முடிந்த அந்த உலகம், அந்தப் பெருவீடுகள், அந்தத் துணிச்சல், அந்தக் கணக்கறிவு எல்லாம் பர்மா இல்லாமல் உண்டாகியிருக்காது. இதை யாங்கோனில் இருப்பவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

மொகல் தெரு இப்போது ஷ்வே போன் தா தெரு. என் தாத்தா அங்கே ஒரு கிட்டங்கியில் அடுத்தாளாக இருந்தவர். மூன்று ஆண்டுக் கணக்கில் ஊரிலிருந்து வருவார்கள், கணக்கு முடித்து ஊர் போவார்கள், மறுபடி வருவார்கள். ரங்கூன் நகரத்தார் தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கு நடப்பு வட்டி என்று ஒன்று உண்டு. தமிழ் மாதந்தோறும் கோயிலில் கூடி அதை முடிவு செய்வார்கள். முருகன் சன்னதியில் தீர்மானமான அந்த வட்டி, ஐராவதி டெல்டாவில் நாற்று நடும் பர்மிய விவசாயியின் கடன்வரை பாய்ந்தது. சூயஸ் கால்வாய் திறந்து, உலகத்துக்கு பர்மா அரிசி தேவைப்பட்டபோது, சதுப்புக் காட்டை வெட்டி வயலாக்கும் செலவுக்குக் கடன் கொடுத்தவர்கள் இவர்களே. வெள்ளைக்காரன் வங்கி அந்தச் சேற்றில் கால் வைக்கவில்லை.

1930இல் நெல் விலை சரிந்தது. கடனைக் கட்ட முடியாதவனிடம் நிலம் இருந்தது. பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் 1930இல் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1938இல் 25 பங்கு. லேவாதேவிக்காரனுக்கு நிலம் வேண்டாம், புரளும் பணம்தான் வேண்டும். நிலம் அவர்கள் ஆசைப்பட்டு வந்ததல்ல. ஆனால் வந்தது. நிலத்தை இழந்தவனுக்கு இந்த நுணுக்கம் எதற்கு? இன்றைக்கும் பர்மியப் பேச்சில் ‘ச்சித்தீ’ என்ற சொல்லில் நம் ஆட்கள் யாரும் கேட்க விரும்பாத ஒரு கசப்பு இருக்கிறது.

பிறகு நடந்தது வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன்மேல் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் பிரிட்டிஷார் ஊரை விட்டுப் போகும்போது ஆற்றுக்கு அக்கரையில் சிரியம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாங்களே கொளுத்திவிட்டுப் போனார்கள். லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தார்கள். வழியிலேயே பலர் மாண்டார்கள். 1948 ஜனவரி 4 அன்று பர்மாவுக்கு விடுதலை. அதே ஆண்டு நில தேசியமயச் சட்டம் வந்தது. நான் இந்த இரண்டு 1948களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். காரைக்குடியில் அடிக்கல் விழுந்த அதே ஆண்டில் டெல்டாவில் போட்ட முதல் முழுகிப்போனது. போடும்போது இனிக்க இனிக்கப் போன பணம் திரும்பி வரவேயில்லை. நட்டஈடு கேட்ட மனுக்கள் தலைமுறை தாண்டின.

காரைக்குடிக்காரர்கள் அழகப்பரை வள்ளல் என்பதும் சரி, டெல்டாக்காரர்கள் ‘ச்சித்தீ’ என்று முகம் சுளிப்பதும் சரி. ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்கப் பார்ப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

மக்னீசியத்துக்கு வருவோம். காரைக்குடி நிலையம் மக்னீசியம் குளோரைடிலிருந்து மின்பகுப்பு முறையில் உலோகம் எடுக்கும் உத்தியைப் படிப்படியாக வளர்த்தது. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில், கடலோர உப்பள நாட்டில், தமிழ்நாடு மக்னீசியம் அண்ட் மரைன் கெமிக்கல்ஸ் என்ற ஆலை எழுந்தது. ஆண்டுக்கு 600 டன் எடுக்கும் திறன். அது நிலைக்கவில்லை, மூடப்பட்டது. மின்சாரம் விலை அதிகம், அளவு சிறிது, அதற்குள் சீனா வந்துவிட்டது. சீனா பயன்படுத்தியது நம்முடையதைவிடக் கரடுமுரடான வழி. டாலமைட்டைச் சுட்டு, ஃபெர்ரோசிலிக்கானோடு கலந்து, வெற்றிடக் குழாயில் காய்ச்சி ஆவியாக்கிப் பிடிக்கும் முறை. கண்டுபிடித்தவர் லாயிட் பிட்ஜன், போர்க்காலத்தில், ஒட்டாவாவில். பிற்பாடு டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் உலோகவியல் பேராசிரியராக இருந்தார். கனடாவில் இதைப் படிக்கும் நண்பர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். பலன் போனது சீனாவுக்கு. மலிவான நிலக்கரியும் ஆள்பலமும் இருந்ததால் உலக மக்னீசியத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இன்று அங்கிருந்துதான் வருகிறது.

வாலிநோக்கம் தோற்ற கதையாக மட்டும் அதைப் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. ஒரு தேசம் தன் கடலிலிருந்து தன் உலோகத்தை எடுக்கத் தெரிந்துகொண்டது. தெரிந்ததை விற்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதே காலத்தில் வெளியே ஹைட்ரைடின் கதை வேகம் பிடித்தது. 1968இல் அமெரிக்காவில் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ரெய்லியும் விஸ்வாலும் மக்னீசியத்தோடு நிக்கலை உருக்கிச் சேர்த்தார்கள். இரண்டு பங்கு மக்னீசியம், ஒரு பங்கு நிக்கல். அந்தக் கலவை ஹைட்ரஜனைச் சொன்னபடி வாங்கியது, சொன்னபடி கொடுத்தது. நிக்கலின் கனத்தால் கொள்ளளவு பாதிக்கும் கீழே, 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. 1980இல் ஜெர்மனியில் மூல்ஹைமில் போக்தானோவிச், மக்னீசியத்தை ஆந்த்ரசீன் என்ற கரிமப் பொருளோடு கரைசலில் சேர்த்து, குரோமியம் அல்லது டைட்டானியத்தைக் கொஞ்சம் காட்டி, மிதமான சூட்டிலேயே ஹைட்ரைடு தயாரித்தார். வீபர்க்கின் 570 டிகிரியோடு ஒப்பிட்டால் அது சமையலறைச் சூடு.

இந்தியாவில் இந்தப் பேச்சைத் தொடக்கத்திலேயே எடுத்தவர்களில் எம்.வி.சி. சாஸ்திரி ஒருவர். மேற்கு ஜெர்மனி உதவியோடு 1959இல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.யில் வேதியியல் பேராசிரியர். எண்ணெய் விலை ஏறி உலகம் திகைத்த 1970களுக்குப் பிறகு ஹைட்ரஜனைப் பற்றி விடாமல் பேசினார். பி. விஸ்வநாதன், எஸ். சீனிவாச மூர்த்தி ஆகியோரோடு சேர்ந்து உலோக ஹைட்ரைடுகளின் அடிப்படையும் பயன்பாடும் பற்றி 1998இல் ஓர் ஆங்கில நூல் கொண்டுவந்தார். வடக்கே காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஓ.என். ஸ்ரீவஸ்தவா ஹைட்ரஜனில் ஓடும் மோட்டார் சைக்கிளையே ஓட்டிக் காட்டினார். அதன் தொட்டிக்குள் இருந்தது மக்னீசியம் அல்ல, நிக்கலும் அருமண் உலோகங்களும் சேர்ந்த கலவை. கனமானது, ஆனால் வண்டியின் சூட்டிலேயே ஹைட்ரஜனை விட்டுக்கொடுக்கும். மக்னீசியத்தின் 300 டிகிரியை ஒரு மோட்டார் சைக்கிளால் தாங்க முடியாது. மக்னீசியத்தில் அவருடைய குழு தனியாகப் பல ஆண்டு உழைத்தது. 2021 ஏப்ரலில், கோவிட் அலையில் அவர் போனார்.

பெரிய திருப்பம் 1990களில் வந்தது, அதுவும் அரவை இயந்திரத்திலிருந்து. பால் மில் என்பது எஃகு உருளைக்குள் எஃகுக் குண்டுகளைப் போட்டு, தூளையும் போட்டு, ஆட்டுக் குலுக்குக் குலுக்குவது. நம் வீட்டு வெட் கிரைண்டரின் முரட்டுச் சித்தப்பா. ஒவ்வொரு மோதலிலும் துகள் நசுங்கும், உடையும், மறுபடி ஒட்டும், மறுபடி உடையும். பழைய ஆக்சைடு தோல் கிழிந்து புதுப் பரப்பு வெளியே வரும். மணி உருவங்கள் நானோ அளவுக்கு இறங்கும். மான்ட்ரியாலிலும் கியூபெக்கிலும் ஹம்பர்க் அருகே கீஸ்தாக்டிலும் இருந்த குழுக்கள் இதைப் போட்டிபோட்டு வளர்த்தன. கீஸ்தாக்ட்காரர்கள் 2001 வாக்கில் அதிசயமான ஒன்றைச் செய்தார்கள். விலையுயர்ந்த உலோகத் தூளுக்குப் பதிலாக, சாதாரண உலோக ஆக்சைடைச் சிட்டிகை அளவு சேர்த்து அரைத்தார்கள். பிறகு நியோபியம் ஆக்சைடு அதிலும் சிறந்தது என்று தெரிந்தது. மணிக்கணக்கில் நடந்த வேலை 300 டிகிரியில் சில நிமிடங்களில் முடிந்தது.

ஆனாலும் 300 டிகிரி 300 டிகிரியாகவே நின்றது. வினையூக்கி வேகத்தைக் கூட்டும். வெளியே எடுக்கும் விலையைக் குறைக்காது. ஒரு மோல் ஹைட்ரஜனை விடுவிக்க 75 கிலோஜூல் கொடுத்தாக வேண்டும். அந்த ஹைட்ரஜனை எரித்தால் கிடைப்பது 242 கிலோஜூல். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வட்டியாகப் போகிறது.

இந்தப் பிணைப்பின் உள்விவகாரத்தைக் கணினியில் கணக்கிட்டவர்களில் நம்மவர்கள் உண்டு. 2002இல் ஓஸ்லோ பல்கலைக்கழகத்திலிருந்து பொன்னையா வஜீஸ்டன், பொன்னையா ரவீந்திரன் ஆகியோர் நார்வேப் பேராசிரியர்கள் இருவரோடு சேர்ந்து, அழுத்தம் ஏற ஏற மக்னீசியம் ஹைட்ரைடின் அணு அடுக்கு எப்படி மாறுகிறது என்று ‘ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் எழுதினார்கள். அரவையின் அடியில் நசுங்கும் துகள்களில் ஹைட்ரைடு இன்னொரு வடிவத்தில் சிறிதளவு தென்படுவது முன்பே தெரிந்திருந்தது. அந்த வடிவத்துக்கு மாறப் பெரிய அழுத்தம் தேவையில்லை என்று கணக்கு சொன்னது. ரவீந்திரன் பிறகு திருவாரூரில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். ஓஸ்லோவின் பனியிலிருந்து காவிரி டெல்டாவின் நெல் வயலுக்கு.

அண்மையில் அரவையை விட்டு வார்ப்புக்குத் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில், மக்னீசிய நிக்கல் கலவையில் சோடியத்தை மிகச் சிறிதளவு கலந்து உருக்கி வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அரைப்பதைவிட வார்ப்பது மலிவு, டன் கணக்கில் செய்யலாம். அதிலிருந்து பிறந்த நிறுவனம் ஷாங்காய்க்குப் போய்ச் சேர்ந்தது. 2023இல், ஒரு டன் ஹைட்ரஜனை மக்னீசியத்துக்குள் சுமக்கும் டிரெய்லரை அங்கே காட்டினார்கள். சாதாரண அழுத்தத்தில், வெடிக்கும் பயமில்லாமல்.

இனி, எங்கள் தெருக் கேள்வி. வீட்டுக்கு ஆகுமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ தூளில் 76 கிராம் ஹைட்ரஜன். அதை நீரிலிருந்து மின்பகுத்து எடுக்க ஏறத்தாழ நான்கு யூனிட் செலவாகும். அதை விடுவிக்கும் சூட்டுக்கு ஒரு பங்கை எரித்துவிட்டு, மிச்சத்தை எரிபொருள் கலத்தில் போட்டால், கைக்கு வருவது ஒரு யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு சீலிங் ஃபேன் பன்னிரண்டு மணி நேரம் ஓடும். லித்தியம் பேட்டரியில் நான்கு யூனிட் போட்டால் மூன்றரை திரும்ப வரும். எனவே வீட்டுக்கு ஆகாது என்றுதான் கேட்டவர்களிடம் சொன்னேன்.

ஆனால் 300 டிகிரி சூடு வீணாகப் போகும் இடமாக இருந்தால் கணக்கு மாறும். அப்படிப்பட்ட இடம் இந்த நாட்டில் எது? நெல் ஆலை. டெல்டா முழுக்க ஆலைகளில் உமி எரிகிறது. அதன் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடுகிறது. பகலில் சோலாரில் ஹைட்ரஜனைத் தயாரித்து மக்னீசியத்தில் போட்டு, இரவில் உமிச் சூட்டில் எடுத்தால் அந்த மூன்றில் ஒரு பங்கு வட்டி மிச்சம். இது என் காகிதக் கணக்கு. செய்து பார்க்க ஓர் ஆய்வகமும் நாலு பேரும் போதும்.

அதுதான் இங்கே இல்லை. 1920இல் தொடங்கிய ரங்கூன் பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் ஆசியாவில் பெயர்பெற்றது. 1962 ஜூலையில் ராணுவம் மாணவர் சங்கக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தது. 1988க்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் வகுப்புகள் மூடிக் கிடந்தன. 2021க்குப் பிறகு வேலையை விட்டு வெளியேறிய ஆசிரியர்கள் ஏராளம். யடானா கடற்பரப்பின் எரிவாயுவில் பெரும்பகுதி குழாய் வழியே தாய்லாந்துக்குப் போகிறது. ஷ்வே வயலின் வாயு சீனாவின் யுன்னானுக்குப் போகிறது. தகௌங் மலையின் நிக்கலும் சீனர் கையில். குழாய் போகிறது, மின்சாரம் வருவதில்லை. நூறு ஆண்டுக்கு முன் அரிசி போனபோது நம் ஆட்கள் கணக்குப் பெட்டியோடு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது அந்த இடத்தில் வேறு யாரோ.

என்னிடம் படித்த பையன் ஒருவன் இப்போது கொரியாவில் இதே வேலையில் இருக்கிறான். மக்னீசியமும் ஓர் ஆக்சைடும் அரைக்கிறான். ஆர்கான் நிறைந்த கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை நுழைத்துத்தான் உருளையைத் திறக்க வேண்டும். நம் மழைக்காலக் காற்று பட்டால் தூள் தீப்பிடிக்கும் அல்லது ஈரம் குடித்து வீணாகும் என்று எழுதியிருந்தான். இருபது மணி நேர அரவை. நான் போனில் கேட்டேன்: “இங்கே அதை ஐந்து தவணையாகத்தான்டா ஓட்ட முடியும். நடுவில் கரண்ட் போனால் தூள் என்ன ஆகும்?”

“ஒன்றும் ஆகாது சயா,” என்றான். “உருளை சூடேறிவிடும் என்று நாங்களே இங்கே நிறுத்தி நிறுத்தித்தான் ஓட்டுகிறோம்.”